வெள்ளை மாளிகைப் போட்டியும் கேலிச்சித்திரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தலில் கேலிச்சித்திரம் எப்போது ஆயுதமானது?

தேர்தலே சண்டையாக மாறியபோதுதான். 1828-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் இரண்டாம் முறையாகப் போட்டியிட்டார். படைத் தளபதியாக இருந்தபோது அவர் ஆறு குடிப்படை வீரர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றியிருந்தார். பிலடெல்பியாவில் ஜான் பின்ஸ் என்ற அச்சக உரிமையாளர் அதைக் கையிலெடுத்தார். கறுப்பு மையில் வரிசையாக ஆறு சவப்பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே இறந்தவரின் பெயர். துண்டறிக்கையில் முதலில் கண்ணில் படுவது இதுதான். ஓவியம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, ஆனால் எழுத்தறியாதவனுக்கும் விஷயம் புரிந்தது. ஜாக்சன் ஜெயித்துவிட்டார் என்பது வேறு கதை.

கல்லச்சு என்ற லித்தோகிராஃபி அமெரிக்காவில் பரவியதும் அதே காலத்தில்தான். மரத்தையோ செம்பையோ செதுக்க வேண்டியதில்லை. வழுவழுப்பான கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கரிக்கோலால் வரைந்தால் போதும், அடுத்த நாளே கடையில் தொங்கவிடலாம். ஜாக்சனை முடியும் செங்கோலுமாக அரச வேடத்தில் காட்டிய, வரைந்தவர் பெயரில்லாத 'முதலாம் ஆண்ட்ரூ மன்னர்' அப்படி வந்த அச்சுதான். அவர் கையில் வீட்டோ, காலடியில் கிழிந்து கிடக்கும் அரசியல் சாசனம். 1832-இல் தேசிய வங்கி மசோதாவை அவர் வீட்டோ செய்த கோபம் அதில் தெரியும்.

பழைய படங்களில் ஏன் இவ்வளவு எழுத்து? படம் பார்ப்பதா, கட்டுரை படிப்பதா என்று குழப்பமாக இருக்கிறதே?

உண்மைதான். 1840 முதல் 1860 வரையிலான கல்லச்சுகளில் ஒவ்வொரு தலைவரின் வாயிலிருந்தும் ஒரு குமிழ் கிளம்பும், அதற்குள் நாலைந்து வரி வசனம் இருக்கும். முகங்கள் பெரும்பாலும் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரையப்பட்டவை, சிரிப்பு வருவதே இல்லை. கிண்டல் முழுக்க வசனத்தில்தான்.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். 1860-இல் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் படம் அது. நான்கு வேட்பாளர்களும் மட்டையோடு நிற்கிறார்கள். லிங்கனின் மட்டை, வேலி போடப் பிளக்கும் மரக்கட்டை. இளமையில் அவர் அந்த வேலை செய்தவர் என்பதுதான் அவருடைய பிரசாரத்தின் மூலதனம். வசனத்தை மூடிவிட்டுப் பார்த்தாலும் யார் ஜெயிக்கிறார் என்று தெரியும். இதே நிறுவனம் அதே தேர்தலில் லிங்கனைக் கிண்டல் செய்தும் படங்கள் விற்றது. கடைக்காரருக்குக் கட்சி கிடையாது, இரு தரப்புக்கும் சரக்கு வைத்திருந்தார்.

தாமஸ் நாஸ்ட் என்ற பெயர் எங்கு திரும்பினாலும் வருகிறதே, அவர் அவ்வளவு முக்கியமானவரா?

ஆம், அவருடைய எல்லாப் படங்களும் நல்லவை அல்ல என்றபோதிலும். 1840-இல் ஜெர்மனியின் லாண்டாவில் பிறந்து, ஆறு வயதில் நியூயார்க் வந்தவர். ஹார்ப்பர்ஸ் வீக்லி வார இதழில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் நிலைபெற்றார்.

1864 தேர்தலுக்கு வருவோம். போர் நான்காம் ஆண்டில் இழுபறியாக இருந்தது. பிரிந்துபோன தென் மாநிலங்களோடு சமரசம் பேசலாம் என்ற குரல் ஜனநாயகக் கட்சிக்குள் ஓங்கியது, அவர்களுடைய மாநாடு சிகாகோவில் கூடவிருந்தது. செப்டம்பர் 3 தேதியிட்ட இதழில் 'தெற்கோடு சமரசம்' என்ற படத்தை வரைந்து அந்த மாநாட்டுக்கே சமர்ப்பணம் செய்தார் நாஸ்ட். நடுவில் ஒரு கல்லறை, 'பயனற்ற போரில் வீழ்ந்த யூனியன் (வடக்கு) வீரர்கள் நினைவாக' என்று அதன் கல்லில் எழுத்து. அந்தக் கல்லறைமேல் பூட்ஸ் காலை ஊன்றி நிமிர்ந்து நிற்கிறான் தெற்கத்தியான். எதிரே ஊன்றுகோலில் தொங்கும் ஒற்றைக்கால் வடக்கு வீரன், தலையைக் கவிழ்த்தபடி கை கொடுக்கிறான். கல்லறையோரம் நாட்டின் உருவகமான கொலம்பியா குனிந்து அழுகிறாள். பின்னணியில் விலங்கிடப்பட்ட கறுப்பினக் குடும்பம்.

இதில் நகைச்சுவை ஒரு துளி இல்லை. தேர்தல் கேலிச்சித்திரம் சிரிக்க வைக்கத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். குடியரசுக் கட்சிக்காரர்கள் இதைச் சுவரொட்டியாக அச்சடித்து ஊரூராக ஒட்டினார்கள். லிங்கன் ஜெயித்தபின் அதே இதழில் ஃபிராங்க் பெல்லு என்பவர் வரைந்த படம் நேரெதிர்: வானளாவ நீண்டுகொண்டே போகும் ஒல்லி லிங்கன், 'நெடிய ஆபிரகாம் இன்னும் கொஞ்சம் நெடியவரானார்' என்ற பொருளில் ஒரு வரி.

கணினி இல்லாத காலத்தில் வாராவாரம் இவ்வளவு பெரிய படத்தை எப்படி அச்சிட்டார்கள்?

பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தின் குறுக்குவெட்டில் செதுக்கி. அந்த மரம் பருமனாக வளராது. ஆகவே சிறுசிறு கட்டைகளைப் பின்பக்கம் திருகாணி போட்டு இணைத்து ஒரே பலகையாக்குவார்கள். ஓவியர் அதன்மேல் இடவலம் மாற்றி வரைவார், எழுத்துகளையும் கண்ணாடிப் பிம்பமாக எழுத வேண்டும். பிறகு திருகாணியைக் கழற்றி ஆளுக்கொரு கட்டையாகச் செதுக்குபவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் மூக்கைச் செதுக்க, இன்னொருவர் பூட்ஸைச் செதுக்குவார். முடிந்ததும் மறுபடி இணைத்து, அதிலிருந்து உலோக அச்சு வார்ப்பார்கள். பெரிய படங்களில் சில இடங்களில் மெல்லிய வெள்ளைக்கோடு நேராக ஓடுவதைப் பார்க்கலாம், கட்டைகள் சேர்ந்த இடம் அது.

யானை, கழுதைச் சின்னங்களைக் கண்டுபிடித்தவர் நாஸ்ட்தானா?

கண்டுபிடிக்கவில்லை, நிலைக்க வைத்தார். ஜாக்சனைக் கழுதை என்று 1828-லேயே எதிரிகள் வைதார்கள். யானையும் அதற்கு முன் சில இடங்களில் தலைகாட்டியிருக்கிறது. 1870-இல் இறந்த சிங்கத்தை உதைக்கும் கழுதையை நாஸ்ட் வரைந்தார். 1874 நவம்பர் 7 இதழில் வந்த 'மூன்றாம் முறை பீதி'தான் திருப்பம்.

அதிபர் கிராண்ட் மூன்றாம் முறையும் நிற்கப்போகிறார், இது சீசர்தனம், அதாவது சர்வாதிகாரம், என்று நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. சிங்கத்தோல் போர்த்திய கழுதையாக நாஸ்ட் அதைக் காட்டினார். காட்டு விலங்குகள் மிரண்டு ஓடுகின்றன, அவற்றில் 'குடியரசுக் கட்சி வாக்கு' என்று எழுதிய யானை தடுமாறிப் பள்ளத்தை நோக்கிச் சரிகிறது. பஞ்சதந்திரத்தில் புலித்தோல் போர்த்திய கழுதையை அறிந்த நமக்குப் புதிதல்ல, அவர் எடுத்தது ஈசாப் கதையிலிருந்து. கவனியுங்கள்: அந்தப் படத்தில் யானை வீரமானது அல்ல, பயந்தாங்கொள்ளி. கட்சி பிறகு அதைத் தனதாக்கிக்கொண்டது.

ஒரு வேட்பாளரைக் கேலிச்சித்திரமே கொன்றது என்பார்களே, உண்மையா?

1872-இல் கிராண்டை எதிர்த்து நின்ற ஹொரேஸ் கிரீலியைத்தான் சொல்கிறார்கள். கொன்றது என்பது மிகை. ஆனால் அந்த ஆண்டுப் படங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் கொஞ்சம் குமட்டும்.

கிரீலி நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையின் ஆசிரியர், அடிமை முறையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர். வெள்ளைத் தொப்பி, நீண்ட வெளிர் மேலங்கி, கன்னத்துக்குக் கீழே வெண்தாடி என்று வரைபவனுக்கு வசதியான ஆள். 'விவசாயம் பற்றி எனக்குத் தெரிந்தவை' என்று ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். விடுவாரா நாஸ்ட்? கிரீலியின் சட்டைப்பையில் எப்போதும் 'எனக்குத் தெரிந்தவை' என்று தொடங்கும் ஏதாவது ஒரு காகிதத்தைச் செருகிவைத்தார். துணை அதிபர் வேட்பாளர் கிராட்ஸ் பிரவுனின் படம் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் கிரீலியின் மேலங்கி வாலில் 'மற்றும் கிராட்ஸ் பிரவுன்' என்று ஒரு சீட்டைத் தொங்கவிட்டார். பிரசாரம் முழுக்க அந்த மனிதர் வெறும் சீட்டாகவே இருந்தார். என்னைக் கேட்டால் நாஸ்ட் வரைந்ததிலேயே சிறந்த நகைச்சுவை இதுதான், படம் கிடைக்காததால் வந்தது.

பிறகு வந்தவை வேறு ரகம். போர்க்காயம் ஆற வேண்டும், 'குருதிப் பிளவின் குறுக்கே கைகோப்போம்' என்பது கிரீலியின் முழக்கம். அந்த வரியை நாஸ்ட் பிடித்துக்கொண்டார். வடக்கு வீரர்கள் பட்டினியால் செத்த ஆண்டர்சன்வில் சிறைமுகாமின் கல்லறைகளுக்கு மேல் கிரீலி கை நீட்டுகிறார். இன்னொரு படத்தில் லிங்கனின் கல்லறைக்கு மேல், அவரைச் சுட்ட பூத்துக்குக் கை கொடுக்கிறார். எதிர்முகாமில் ஃபிராங்க் லெஸ்லி இதழ் லண்டனிலிருந்து மேட் மார்கனை வரவழைத்து கிராண்டைக் குடிகாரராகச் சித்திரித்தது, ஆனால் அது எடுபடவில்லை.

தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 30-இல், கிரீலியின் மனைவி இறந்தார். தேர்தலில் ஆறு மாநிலங்கள்தான் கிடைத்தன. நவம்பர் 29-இல், அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு வாக்களிக்கும் முன்பே அவரும் இறந்தார்.

கேலிச்சித்திரம் உச்சத்தில் இருந்த தேர்தல் எது?

1884, சந்தேகமே இல்லை. குடியரசுக் கட்சிக்கு ஜேம்ஸ் பிளெய்ன், ஜனநாயகக் கட்சிக்கு குரோவர் கிளீவ்லாந்து. பிளெய்ன்மீது ரயில்வே பத்திர ஊழல் புகார் இருந்தது, அவரே எழுதிய கடிதங்கள் வெளிவந்திருந்தன, ஒன்றின் முடிவில் 'இந்தக் கடிதத்தை எரித்துவிடு' என்று இருந்தது. கிளீவ்லாந்து மணமாகாதவர், அவருக்கு ஒரு குழந்தை இருப்பதாகப் பேச்சு. வரைபவர்களுக்கு இரண்டு பக்கமும் விருந்து.

வியன்னாவில் பிறந்த ஜோசப் கெப்லர் நடத்திய பக் இதழ் வண்ணக் கல்லச்சில் வந்தது. நாஸ்டின் கறுப்புக் கோடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு பக்கம் விரியும் வண்ணப்படம் பெரிய கவர்ச்சி. சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியிருந்த ஜூன் 4-ஆம் தேதி இதழில் பெர்னார்ட் கில்லம் வரைந்த படம் வெளியானது. பிரெஞ்சு ஓவியர் ஜெரோமின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. ஏதென்ஸ் நீதிபதிகள் முன்னால் ஃப்ரைனி என்ற அழகியின் ஆடையை அவளுடைய வழக்கறிஞர் சட்டென்று விலக்குகிறார், நீதிபதிகள் அழகில் வாயடைத்துப் போகிறார்கள். கில்லம் அந்தக் காட்சியில் அழகிக்குப் பதிலாக பிளெய்னை நிறுத்தினார். துணியை விலக்குபவர் பிளெய்னின் ஆதரவாளரான பத்திரிகை ஆசிரியர் ஒயிட்லா ரீட். உள்ளே உடம்பெல்லாம் பச்சைகுத்தல்: லஞ்சம், கடிதங்கள், ரயில்வே பேரங்கள். பிளெய்ன் கையால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

அன்றிலிருந்து நவம்பர் வரை பக் இதழில் பிளெய்ன் பச்சைகுத்திய மனிதராகவே வந்தார். கோட்டுப் போட்டாலும் மணிக்கட்டில் பச்சை தெரியும். கொதித்துப்போன அவர் வழக்குப் போட நினைத்தார், நண்பர்கள் தடுத்தார்கள். நீதிமன்றத்தில் அந்தப் படத்தையே ஆதாரமாக நீட்டிப் பேசுவார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே. வாழ்நாள் குடியரசுக் கட்சி ஆதரவாளர் நாஸ்டும் அந்த முறை கட்சி மாறி கிளீவ்லாந்துக்கு வரைந்தார்.

மறுபக்கம் சும்மா இருக்கவில்லை. ஜட்ஜ் இதழில் ஃபிராங்க் பேர்டு வரைந்த படத்தில், ஒரு பெண்ணின் இடுப்பில் இருக்கும் குழந்தை 'எனக்கு அப்பா வேணும்' என்று அலற, எதிரே கிளீவ்லாந்து துடித்துப்போகிறார். 'கிளீவ்லாந்துக்கு இன்னொரு குரல்' என்று தலைப்பு.

கடைசி அடி அக்டோபர் 30-இல் விழுந்தது. முந்தின இரவு நியூயார்க்கின் டெல்மோனிகோ உணவகத்தில் கோடீஸ்வரர்கள் பிளெய்னுக்கு விருந்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலை புலிட்சரின் வேர்ல்டு நாளிதழ் முதல் பக்கத்தின் முழு அகலத்துக்கும் வால்ட் மெக்டூகல் வரைந்த படத்தைப் போட்டது. பைபிளில் வரும் பெல்ஷாசர் மன்னனின் விருந்துபோல் அமைந்த படம், நடுவில் பிளெய்ன், சுற்றிலும் பணமுதலைகள். மேசையில் 'ஏகபோக சூப்', 'கூல்டு பை' என்று பெயரிட்ட பண்டங்கள் (ஜே கூல்டு அன்றைய ரயில்வே பெருமுதலாளி). மேசைக்கு முன்னால் கந்தல் உடுத்திய ஒரு குடும்பம் எச்சிலுக்குக் கை நீட்டுகிறது. ஜனநாயகக் கட்சியினர் அதை நியூயார்க் மாநிலமெங்கும் பெரிதாக அச்சடித்து ஒட்டினார்கள்.

அந்தப் படத்தால்தான் பிளெய்ன் தோற்றாரா?

நியூயார்க் மாநிலத்தில் 1,200-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார், அந்த மாநிலம் போனதால் தேர்தலே போயிற்று. இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம். விருந்து நடந்த அதே நாள் பகலில், பிளெய்னை வரவேற்ற பர்ச்சர்ட் என்ற பாதிரியார் ஜனநாயகக் கட்சியை 'ரம், ரோமன் கத்தோலிக்கம், கலகம்' என்று மூன்று சொல்லில் ஏசினார். பிளெய்ன் மறுப்புச் சொல்லவில்லை. ஐரிஷ் கத்தோலிக்க வாக்குகள் கைநழுவின. எனக்கென்னவோ படத்தைவிட அந்த மூன்று சொல் அதிகம் வேலை செய்தது என்றே தோன்றுகிறது.

இருந்த கருத்தை உறைய வைப்பதுதான் கேலிச்சித்திரத்தின் வேலை. பிளெய்ன்மேல் புகார் ஏற்கெனவே இருந்தது, கில்லம் அதைக் கழுவ முடியாத மையாக்கினார். 1896-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் மெக்கின்லியின் பிரசாரத்தை நடத்திய தொழிலதிபர் மார்க் ஹானாவை, உடையெங்கும் டாலர் குறி பதித்த குண்டராக ஹோமர் டேவன்போர்ட் நாள்தோறும் ஹெர்ஸ்டின் ஜர்னல் நாளிதழில் வரைந்தார். மெக்கின்லியோ அவர் கையில் ஆடும் குட்டிப் பொம்மை. ஹானா திரட்டிச் செலவழித்தது சுமார் 35 லட்சம் டாலர், அன்றைக்கு மலைக்க வைத்த தொகை. ஆகவே படம் அப்படியே ஒட்டிக்கொண்டது. மெக்கின்லி வசதியாக ஜெயித்தார். ஹானாவுக்கு மட்டும் அந்த டாலர் உடை சாகும்வரை கழலவில்லை.

புகழ்ந்து வரைந்து ஜெயித்ததுண்டா?

அபூர்வம். 1904-இல் அதே டேவன்போர்ட், இம்முறை வேறு பத்திரிகையில், தியோடர் ரூஸ்வெல்ட்டின் தோளில் அங்கிள் சாம் கைவைத்து 'எனக்கு இவர் போதும்' என்று சொல்வதாக வரைந்தார். கட்சி அதை நாடெங்கும் பரப்பியது. இன்று பார்த்தால் விளம்பரம்போல இருக்கிறது, கடிப்பு இல்லை.

இந்தப் படங்களை வரைந்தவர்கள் எல்லாம் முற்போக்காளர்களா?

இல்லை. 1868-இல் கறுப்பின யூனியன் வீரன் ஒருவனை மூன்று பேர் மிதித்து நிற்பதாக நாஸ்ட் வரைந்தார். 'இது வெள்ளையர் அரசு' என்ற எதிர்க்கட்சி முழக்கத்துக்கு அது சாட்டையடி. அந்தப் படத்திலேயே மூவரில் ஒருவரான ஐரிஷ்காரருக்குக் குரங்கு முகம். 1876 டிசம்பர் 9-இல், அதிபர் தேர்தல் முடிவு இழுபறியில் கிடந்தபோது, தராசின் ஒரு தட்டில் கறுப்பரையும் மறுதட்டில் ஐரிஷ்காரரையும் உட்கார வைத்து 'அறியாமை வாக்கு' என்று அட்டைப்படம் போட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் யாருக்காக வரைந்தாரோ அவர்களையே. பள்ளிப் பாடங்களில் முதல் படம் மட்டும் வருவது எனக்கு நெருடல்.

சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தார்களா?

பென்சில்வேனியாவில் நடந்தது. 1902-இல் ஆளுநர் பதவிக்கு நின்ற சாமுவேல் பென்னிபேக்கரைக் கட்சித் தலைவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளியாக வரைந்துவிட்டார்கள். ஜெயித்து வந்ததும், மனிதரை விலங்காகவோ பறவையாகவோ வரையக்கூடாது என்று சட்டசபையில் மசோதா வந்தது. நம்ம மெக்டூகல் உடனே அரசியல்வாதிகளை மரமாகவும் பீர்க் குவளையாகவும் காய்கறியாகவும் வரைந்தார், அதற்குத் தடை இல்லையே! 1903-இல் வேறு வடிவில் சட்டம் நிறைவேறியது. ஒருவர்மேலும் பாயவில்லை. 1907-இல் நீக்கிவிட்டார்கள்.

நிக்சனின் தாடிக் கதை என்ன?

வாஷிங்டன் போஸ்ட்டின் ஹெர்பிளாக் 1950-களிலிருந்தே நிக்சனை மழிக்காத கருந்தாடியோடு வரைந்தார். 1954-இல் ஊர்வலத்தோடு காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் சாக்கடை மூடியைத் திறந்து வெளியே வருபவராகக் காட்டினார். 1968-இல் நிக்சன் அதிபராகத் தேர்வானதும், சலூன் போன்ற அறை ஒன்றை வரைந்து சுவரில் ஓர் அறிவிப்பு மாட்டினார்: இந்தக் கடையில் புதிய அதிபர் ஒவ்வொருவருக்கும் ஒரு சவரம் இலவசம். பகையாளிக்குக் கொடுத்த தவணை அது. நீடிக்கவில்லை.

இன்றைக்கும் இவற்றுக்கு மதிப்பு உண்டா?

2008 ஜூலையில் நியூயார்க்கர் அட்டையில் பேரி பிளிட் ஒபாமாவைத் தலைப்பாகையோடும், மிஷேலைத் துப்பாக்கியோடும் அதிபர் அறையில் நிறுத்தினார். அவர்களைப் பற்றிய வதந்தியைக் கிண்டல் செய்வதுதான் நோக்கம். ஒபாமா தரப்பே அதை ரசக்குறைவு என்றது. மேலே லேபிள் ஒட்டாத கிண்டல் இப்படித் திரும்பிக் கடிக்கும். நாஸ்ட் ஏன் எல்லாவற்றிலும் பெயர் எழுதினார் என்பது அப்போது விளங்கியது.

சம்பளத்துக்கு ஓவியரை வைத்திருக்கும் நாளிதழ்கள் குறைந்துவிட்டன. நியூயார்க் டைம்ஸ் தன் சர்வதேசப் பதிப்பில் 2019 ஜூலையோடு அரசியல் கார்ட்டூனை நிறுத்தியது. 2025 ஜனவரியில், தொழில்நுட்பப் பணக்காரர்கள் டிரம்ப் சிலைமுன் மண்டியிடும் வரைவு ஏற்கப்படாததால் ஆன் டெல்னேஸ் வாஷிங்டன் போஸ்ட்டை விட்டு விலகினார். மண்டியிட்டவர்களில் பத்திரிகையின் உரிமையாளரும் ஒருவர். அதே ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

மூலப் படங்களை எங்கே பார்க்கலாம்?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் 'முதலாம் ஆண்ட்ரூ மன்னர்' முதல் பேஸ்பால் படம் வரை பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கும். ஹெர்பிளாக்கின் அசல்கள் 14,000-க்கும் மேல் அங்கேதான் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை, எடுத்துப் போடலாம். பார்க்கும்போது முதலில் மூலையில் உள்ள சின்ன எழுத்துகளைப் பெரிதாக்கிப் படியுங்கள், சட்டைப்பைக் காகிதங்களைத் தவறவிடாதீர்கள். பழைய வார இதழ்களில் அட்டைத்தேதி, கடைக்கு வந்த நாளுக்குச் சில நாட்கள் பிந்தியதாக இருப்பது வழக்கம். ஒரு சம்பவத்துக்கு முன்பே படம் வந்ததா பின்பா என்று கணக்கிடுபவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.